யோவான்: பேருக்குள்ள ஒரு முழு வாக்கியம்

இவான், ஹுவான், ஷான், ஜொவான்னி, ஜான். இந்த அஞ்சும் ஒரே பேர்தான்னு சொன்னா நம்புவீங்களா?

எல்லாத்துக்கும் மூலம் எபிரேய மொழியில இருக்கிற 'யோஹனான்'. 'யோ' என்பது யாவே என்கிற கடவுள் பெயரின் சுருக்கம். 'ஹனான்' என்றால் அருள் காட்டினார். எழுவாய், பயனிலை ரெண்டும் இருக்கு. அதாவது பேரே ஒரு முழு வாக்கியம்: 'யாவே அருள் காட்டினார்.' தமிழ் பைபிள்ல வர்ற அன்னாள் என்ற பேருக்கும் இதே வேர்தான்.

லூக்கா நற்செய்தியில இந்தப் பேருக்காக ஒரு வாக்குவாதமே நடக்குது. செக்கரியா, எலிசபெத் ரெண்டு பேருக்கும் வயசான காலத்துல ஒரு பையன் பிறக்கிறான். எட்டாம் நாள், அப்பா பேரையே வைக்கலாம்னு சுத்தி இருக்கிறவங்க சொல்றாங்க. அம்மா, "இல்ல, யோவான்"ங்கிறாங்க. உங்க சொந்தத்துல யாருக்கும் அந்தப் பேர் இல்லையேன்னு சொல்லி, அப்பாகிட்ட கேக்கிறாங்க. பேச முடியாம இருந்த அவர், ஒரு பலகையை வாங்கி அதே பேரை எழுதுறார். அம்மா சொன்னது நின்னுடுச்சு.

இதுல ஒரு அழகு இருக்கு. செக்கரியா என்றால் 'யாவே நினைவுகூர்ந்தார்'. நினைவுகூர்ந்தவர், இப்போ அருளும் காட்டிட்டார். எபிரேயம் தெரிஞ்ச காதுக்கு அந்த ரெண்டு பேருமே ஒரு கதை.

கிரேக்கத்துக்குப் போனப்போ அது 'இயோவான்னெஸ்' ஆச்சு. நடுவுல இருந்த 'ஹ' போயிடுச்சு. லத்தீன்ல எழுத்தளவுல திரும்பி வந்தது. இங்கிலீஷ்ல ஜான்னு எழுதும்போது உச்சரிக்காம ஒரு 'ஹெச்' நிக்குதே, அது பழைய 'ஹனான்' விட்டுட்டுப் போன தடம். சத்தம் ஊர் ஊரா போச்சு, பொருள் வழியிலேயே தங்கிடுச்சு.

தமிழ்ல ரெண்டுமே நடந்தது. 'யோவான்'னு சத்தத்தை எடுத்துக்கிட்டவங்க உண்டு. கத்தோலிக்கர்கள் பொருளை எடுத்துக்கிட்டாங்க: அருளப்பர். அவங்களோட பழைய பைபிள்ல 'அருளப்பர் நற்செய்தி'ன்னுதான் இருக்கும். 1647இல் லிஸ்பனில் பிறந்து, 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோவை இங்கே அருளானந்தர்னு சொல்றதும் இதனாலதான்.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புல 'யோவான்'னு மாத்திட்டாங்க. ஆனா அருளப்பன்னு ஒரு தாத்தாவை உங்களுக்குத் தெரிஞ்சா, அவரும் ஒரு ஜான்தான்.