மலை ஜீப்பில் கியர் தாமதமா? இறங்கும் முன் கவனியுங்கள்!

பொழுது விடியுமுன்பே போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியுடன் அவற்றில் நெருக்கி அமர்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப்புதான் அவர்களை ஊர் சேர்க்க வேண்டும்.

இந்த ஜீப்புகளின் மூதாதை அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப். அதன் பாகங்களைத் தருவித்து, 1949ல் பம்பாயில் பூட்டத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். பழைய வில்லிஸ் வகை வண்டியில் முன்னே செல்ல 3 கியர்கள். இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்குப் பித்தளை வளையம் உண்டு. வேகம் வேறுபட்டுச் சுழலும் பல்சக்கரங்களை உரசிச் சமப்படுத்துவது இந்த வளையமே. முதல் கியருக்கு அது கிடையாது.

கோளாறு எங்கே?

கியர் மெதுவாக விழுகிறது என்றால், உடனே கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். கிளச் பெடலின் பிளே சுமார் ஓர் அங்குலம் இருந்தால் போதும். அதிகமானால் சரிசெய்ய வேண்டும்.

காலைக் குளிரில் மட்டும் முரண்டு பிடித்து, சில மைல் ஓடியதும் சரியானால், கெட்டி ஆயிலே காரணம். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஜி.எல்.5 ரக ஆயில்களில் சில, பித்தளையை அரிக்கக்கூடும். இந்தப் பெட்டிக்கு ஜி.எல்.4 ரகமே நல்லது.

கிளச்சும் ஆயிலும் சரியாக இருந்தும், வண்டி சூடேறிய பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால், வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இறக்கத்தில் ஆபத்து

சமவெளியில் கியர் தாமதம் வெறும் தொல்லை. மலையில் அது உயிருக்கே ஆபத்து. இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கியர் விழாவிட்டால், வண்டி நியூட்ரலில் ஓடும். எஞ்சினின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும்.

ஆகவே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி உச்சியிலேயே கீழ்க் கியரைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வழியில் மாற்ற நேர்ந்தால் டபுள் கிளச் கைகொடுக்கும். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் சேர்க்க வேண்டும். அப்படியும் விழாவிட்டால் போராட வேண்டாம். பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிறகு முதல் கியரைப் போடலாம்.

பட்டறையில் வண்டி நின்றால் அன்றைய வாடகை போகும் என்று உரிமையாளர் தயங்கலாம். அந்த வண்டியை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்காக வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் மறக்கலாகாது.