மறு கன்னமும் கிரேக்க மொழியின் அடிகளும்



‘அடி’ என்னும் நம் தமிழ்ச் சொல் பலவற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்வது. தாய் பிள்ளைக்குக் கொடுப்பதும் அடி; படைவீரன் கைதிக்குக் கொடுப்பதும் அடி. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலோ இதற்குப் பல வினைச்சொற்கள் உள்ளன. மொழிபெயர்ப்பில் அவற்றின் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. அவற்றுள் சிலவற்றை அறிந்துகொண்டால், திருப்பலியில் எத்தனையோ முறை கேட்ட பகுதிகளை நாம் சரியாகத்தான் விளங்கிக்கொண்டோமா என்று எண்ணத் தோன்றும்.

மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் போதனையையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு (5:39) அங்கே ஆளும் வினை ‘ராபிட்சோ’. முன்னாளில் பிரம்பால் அடிப்பதைக் குறித்த இச்சொல், இயேசுவின் காலத்தில் கன்னத்தில் அறைவதையே பெரிதும் குறித்தது. மத்தேயு ‘வலக் கன்னம்’ என்றும் குறிப்பிடுகின்றார். எதிரே நிற்பவரின் வலக் கன்னத்தில் வலக்கையால் அறைய வேண்டுமாயின் புறங்கையால்தான் அறைய முடியும். கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ எனும் யூதச் சட்டத் தொகுப்பில், ஒருவரைக் கன்னத்தில் அறைந்தால் 200 சூஸ் நாணயமும், புறங்கையால் அறைந்தால் 400 சூஸ் நாணயமும் ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. புறங்கை அறையில் வலி குறைவாயினும் அவமானம் மிகுதி. எனவே மத்தேயு எழுதுவது மானத்தின் மேல் விழும் அறையைப் பற்றியே என்னும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகின்றது.

இதை ஏன் இவ்வளவு நுணுகிச் சொல்ல வேண்டும்? குடித்துவிட்டு வரும் கணவனிடம் இரவுதோறும் அடிபடும் பெண்ணைப் பார்த்து, “மறு கன்னத்தையும் காட்டு, பொறுத்துக்கொள்” என்று அறிவுரை கூறுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இத்தகைய சுமையை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்ற இவ்வசனம் இடங்கொடுக்கவில்லை.

இப்போதனையைத் தந்தவர் தாமே அறையப்பட்டபோது என்ன செய்தார்? பெரிய வெள்ளியன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படும் யோவானின் பாடுகளின் வரலாற்றைக் கவனியுங்கள் (18:22-23). அன்னாவின் முன் நின்ற இயேசுவைக் காவலருள் ஒருவர் கன்னத்தில் அறைகின்றார். நற்செய்தியாளர் அதனை ‘ராபிஸ்மா’ என்கின்றார். மேற்கண்ட வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. குருத்து ஞாயிறன்று வாசிக்கப்படும் எசாயாவின் பகுதியிலும் (50:6) பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே சொல்லை ஆண்டுள்ளது. இயேசு திருப்பி அறையவில்லை. ஆனால் மௌனமாக இருந்துவிடவும் இல்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டும்படியும், இல்லையேல் தம்மை அடிப்பதற்குக் காரணம் கூறும்படியும் கேட்கின்றார்.

அக்கேள்வியில் வரும் வினை ‘தேரோ’. அதன் மூலப்பொருள் தோலுரித்தல். தோலைக் குறிக்கும் ‘தெர்மா’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. “தோலை உரித்துவிடுவேன்” என்று பிள்ளைகளை மிரட்டும் நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை! பிற்காலக் கிரேக்கத்தில் அடித்து நொறுக்குவதற்கு இதுவே வழக்குச் சொல். தலைமைச் சங்கத்தார் திருத்தூதர்களை அடித்ததற்கும் (தி.ப. 5:40) இதே வினைதான் வருகின்றது. தமக்கு நேர்ந்ததை இயேசு அடி என்றே பெயரிட்டு, அடித்தவரிடமே நியாயம் கேட்டார்.

லூக்காவோ (6:29) மறு கன்னத்தைப் பற்றிய போதனையில் ‘வலக் கன்னம்’ என்று கூறவில்லை. அவர் ஆளும் வினை ‘துப்தோ’. பொதுவாக அடித்தலைக் குறிப்பது. இச்சொல் புதிய ஏற்பாட்டில் செல்லும் இடங்கள் வியப்பானவை. படைவீரர் கோலால் இயேசுவின் தலையில் அடித்ததும் (மத். 27:30) துப்தோ. கோவிலில் தொலைவில் நின்ற வரிதண்டுபவர் தம் மார்பில் அடித்துக்கொண்டதும் (லூக். 18:13) துப்தோ. சிலுவைக் காட்சியைக் கண்ட மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பியதும் (லூக். 23:48) அதுவே. பாவ அறிக்கை மன்றாட்டின்போது நாம் மார்பில் தட்டிக்கொள்ளும் செயலும் இந்த வரிதண்டுபவரை நினைவூட்டுவதே. கையே தொடாத அடியும் ஒன்று உண்டு: சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றி எழுதுகையில், வலுவற்ற சகோதரர்களின் மனச்சான்றைப் புண்படுத்துவதற்குப் புனித பவுல் (1 கொரி. 8:12) துப்தோவையே பயன்படுத்துகின்றார்.

இவ்வினையின் உறவுச் சொல் ‘துபோஸ்’. அடி விழுந்த இடத்தில் பதியும் அடையாளம் என்பது அதன் முதற்பொருள். ‘டைப்’ என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்ததே; நம் ‘தட்டச்சு’ என்ற சொல்லில் தட்டுதலும் உண்டு, பதியும் அச்சும் உண்டு. ஆதாம் வரவிருந்தவருக்கு முன்னடையாளம் என்று பவுல் எழுதும்போதும் (உரோ. 5:14) துபோஸ் என்றே எழுதுகின்றார்.

ஆயினும் அச்சொல்லின் முதற்பொருளைக் காண யோவான் நற்செய்திக்கே (20:25) திரும்ப வேண்டும். மற்றச் சீடர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்று கூறியபோது தோமா கேட்டது இந்தத் துபோஸைத்தான்: கைகளில் ஆணிகள் அடித்த தழும்பு. எட்டு நாள்களுக்குப் பின், பூட்டிய கதவுகளுக்குள் வந்து நின்ற இயேசு, அந்தக் கைகளைத் தோமாவிடம் நீட்டினார்.