உடைந்த தாடையோடு ஓர் இறுதிப் போட்டி

1970 செப்டம்பர் 19. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ரக்பி லீக் இறுதிப் போட்டி. ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் மேன்லி அணி வீரர் ஒருவர் விட்ட குத்தில், சவுத் சிட்னி அணித் தலைவர் ஜான் சாட்லரின் தாடை உடைந்தது. விழுந்துவிடாமல் தன்னைத் தாங்கிப் பிடிக்கும்படி பக்கத்தில் நின்ற சக வீரரிடம் சொன்னார். அடிபட்டது எதிரணிக்குத் தெரியக் கூடாதாம். விஷயம் புரிந்ததும் சகாக்கள் அவர் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொண்டார்கள்; மனிதர் அதற்கும் சீறி விழுந்தார். சவுத் சிட்னி 23-12 என்று வென்றது. கோப்பையை வாங்கி, அந்த வாயாலேயே பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

சாட்லர் ஆடிய இடம் ‘பிராப்’. பந்தை நெஞ்சோடு அணைத்து எதிராளிகள் மேல் நேராக மோதுவார். எதிரே வருபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார். எழுந்து மறுபடியும் அதே வேலை. ஒவ்வொரு மோதலிலும் தாடை அதிரும். எப்படித் தாங்கினார்?

நெஞ்சுரம் என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில், படுகாயமடைந்து வந்த சிப்பாய்களிடம் வலி நிவாரணி வேண்டுமா என்று கேட்டார் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். உணர்வு மரத்துப்போய்விடவில்லை, யாராவது ஊசியைத் தப்பாகக் குத்தினால் அதே ஆட்கள் ‘ஆ’வென்று கத்தினார்கள்!

காயம் வேறு, வலி வேறு. அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே கிளம்புவது ஒரு சேதி மட்டுமே; அதை வலியாக்குவது மூளை. ஆபத்தான நேரத்தில், நடுமூளையின் சாம்பல்நிறத் திசு ஒன்று அந்தச் சேதியை வழியிலேயே அடக்கிவிட உத்தரவிடும். மார்ஃபினைப் போன்ற ரசாயனங்களை உடம்பே சுரந்துகொள்ளும். கழுத்துக்குக் கீழே இருந்து வரும் சேதிக்குத் தண்டுவடத்தில் தடை, தாடைக்கு மூளைத்தண்டில். ஓடித் தப்ப வேண்டிய விலங்குக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆட்டம் முடிந்து உடம்பு தளரும்போது வலி வட்டியோடு வரும்.

இப்படி ஆடியவர் சாட்லர் மட்டுமல்ல. 2014 இறுதிப் போட்டியில் அதே சவுத் சிட்னியின் சாம் பர்ஜெஸ், முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் கடைசிவரை ஆடி, சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கத்தை வென்றார்.

எனக்கு இதில் உறுத்துவது எலும்பு அல்ல. அது கூடிவிடும். தாடை வலிக்கிறது என்று சொல்லும் மூளைக்குத் தன் திசு நசுங்கினால் தெரியாது. அதில் வலி உணரும் நரம்புமுனைகளே இல்லை. 2019இல், இறந்துபோன இரண்டு ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களின் மூளையில், திரும்பத் திரும்ப அடி வாங்கியதோடு தொடர்புடைய சிதைவு நோய் கண்டறியப்பட்டது. சாட்லரும் கடைசிக் காலத்தில் மறதி நோயோடு இருந்து 2023இல் இறந்தார். அந்தக் குத்துதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்று தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவர் ஆட்டக்காரரை வெளியே கூப்பிட்டுச் சோதிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அணித் தலைவரே அடித்துச் சொன்னாலும் எடுபடாது.