விதிவிலக்கின் விலையை யார் கொடுப்பது?

கைவினைப் பொருள்கள் விற்கும் ஹாபி லாபி நிறுவனம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் தலைமையகம், நாடெங்கும் கிளைகள், 13,000 ஊழியர்கள் என்று வளர்ந்த பிறகும், அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. ஒபாமா ஆட்சியில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், 20 வகைக் கருத்தடை முறைகளுக்கும் ஊழியர்கள் கைக்காசு செலவழிக்காதபடி நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டியிருந்தது. அவற்றில் நான்கு, கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக்கூடியவை, எனவே கருக்கலைப்புக்குச் சமமானவை என்று அந்தக் குடும்பம் கருதியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. நிறுவனத்துக்கு மதம் உண்டா என்பதைச் சுற்றியே அன்றைய விவாதம் நடந்தது. அதைவிட அடிப்படையான கேள்வி இன்னொன்று. முதலாளி தன் மனசாட்சியின்படி சட்டத்திலிருந்து விலகும்போது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது? மத உரிமைக்கும் வணிகச் சட்டத்துக்கும் இடையிலான வழக்குகளில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவமே சான்று.

1961-இல் வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். பிலடெல்பியாவின் யூத வணிகர்கள் சிலர் சபாத் நாளான சனிக்கிழமை கடையை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்றது பென்சில்வேனியா மாநிலச் சட்டம். மற்றவர்களுக்கு வாரம் ஆறு நாள் வியாபாரம், இவர்களுக்கு ஐந்தே நாள். உங்கள் வழிபாட்டைச் சட்டம் தடுக்கவில்லை, அதற்கான செலவைத்தான் கூட்டுகிறது என்று சொல்லி நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. ஆனால், சில மாநிலங்கள் இப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு அளிக்கின்றன, அதுவே நல்ல தீர்வாகவும் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஞாயிறன்று ஒரு யூதர் கடை திறந்தால் போட்டிக் கடைக்காரருக்குக் கொஞ்சம் விற்பனை குறையலாம். வேலையாளோ வாடிக்கையாளரோ தங்களுக்குரிய எதையும் இழக்கப்போவதில்லை. விலக்கு மறுக்கப்பட்டதால் முழுச் சுமையும் நம்பிக்கையாளர் மீதே விழுந்தது.

1982-இல் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தச்சுப்பட்டறை முதலாளியின் வழக்கு வந்தது. முதியோரையும் நலிந்தோரையும் தங்கள் சமூகமே காப்பாற்ற வேண்டும் என்பது ஆமிஷ் கொள்கை. ஆகவே வேலையாட்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைச் செலுத்த அவர் மறுத்தார். அவரது நம்பிக்கை உண்மையானதுதான் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும், விரும்பி வணிகத்தில் இறங்குபவர் தன் சமய நெறியை அத்துறையில் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தின் மேல் ஏற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. கதை அங்கே முடியவில்லை. முதலாளி, தொழிலாளி இருவருமே இக்கொள்கை கொண்டவர்களாக இருந்தால் வரியிலிருந்து விலக்கு பெறலாம் என்று 1988-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தொழிலாளி தானும் அதே நெறியை ஏற்று, காப்பீட்டைத் தானே விட்டுக்கொடுக்கிறார். முதலாளியின் பக்திக்காக வேறொருவர் தன் முதுமைக்காலப் பாதுகாப்பை இழக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் தவறவிட்ட எல்லைக்கோட்டை நாடாளுமன்றம் சரியான இடத்தில் போட்டது.

ஹாபி லாபி தீர்ப்பும் வெளிப்பார்வைக்கு இதே தர்க்கத்தில்தான் நின்றது. மதம் சார்ந்த லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அரசு ஏற்கெனவே ஒரு மாற்றுவழி வைத்திருந்தது. அமைப்பு மறுத்தால், காப்பீட்டு நிறுவனமே அந்தச் செலவை ஏற்கும். அதையே இந்த நிறுவனத்துக்கும் நீட்டித்தால் பெண் ஊழியர்களுக்கு எந்த இழப்பும் இராது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பின்னர் டிரம்ப் அரசு, அந்த மாற்றுவழியை விருப்பத்துக்கு விட்டுவிட்டு முழு விலக்கே பெறலாம் என்று விதிகளை மாற்றியது. அப்படி மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதனால் 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை கருத்தடைக் காப்பீட்டை இழக்கலாம் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. யாருக்கும் நட்டமில்லை என்ற உறுதியில் பிறந்த விலக்கு, ஆறே ஆண்டுகளில் அந்த உறுதியை உதறிவிட்டது.

இந்த அளவுகோலுக்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஒரு கடைக்காரர் தன் மதத்தைக் காட்டிச் சேவை மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகலாமே, இதில் என்ன நட்டம் என்பது முதலாவது. 1964-இன் குடிமை உரிமைச் சட்டம் கடவுளின் சித்தத்துக்கு எதிரானது என்று வாதிட்டார் தென் கரோலினாவின் ஓர் உணவக உரிமையாளர். கறுப்பினத்தவரை மற்றவர்களோடு சமமாக உட்காரவைத்துப் பரிமாற அவர் மறுத்திருந்தார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஓர் அடிக்குறிப்பிலேயே ஒதுக்கித் தள்ளியது. அந்த ஊரில் வேறு உணவகம் இருந்ததா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வாசலில் திருப்பி அனுப்பப்படுவதே இழப்புதான். அடுத்த கடையில் சாப்பாடு கிடைக்கலாம், போன மரியாதை அங்கே கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. கேக் செய்வதும் இணையதளம் வடிவமைப்பதும் கலை. தான் ஏற்காத ஒன்றைச் சொல்லும்படி கலைஞரை அரசு கட்டாயப்படுத்தலாமா? ஒருபாலினத் திருமணத்துக்கு கேக் செய்ய மறுத்த கொலராடோ பேக்கரிக்காரர் 2018-இல் வென்றார். ஆனால், மாநில ஆணையம் அவரது மதத்தை இழிவாகப் பேசியதே அதற்குக் காரணம்; மூலக் கேள்விக்கு அப்போது விடை வரவில்லை. 2023-இல் அதே மாநிலத்தின் இணையதள வடிவமைப்பாளர் 6-க்கு 3 என்று வென்றபோது, தீர்ப்பு மத உரிமையை அல்ல, பேச்சுரிமையையே நம்பி நின்றது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. குறிப்பிட்ட வாசகத்தை எழுத மாட்டேன் என்பவர், எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் அதை எழுத மாட்டார். ஒருவருக்கு விற்கும் பொருளையே இன்னொருவருக்கு விற்க மாட்டேன் என்பவர் ஆளைப் பார்த்து மறுக்கிறார். முன்னதற்கு இடம் தரலாம். பின்னதைக் கலை என்ற பெயரில் அனுமதித்தால், எல்லாத் தொழிலும் கலையாகிவிடும்.

ஒருவரின் பக்தி எவ்வளவு ஆழமானது என்று அளக்க எந்த நீதிபதிக்கும் கருவி இல்லை. ஒரு விலக்கால் யாருடைய ஊதியம், மருத்துவம், சம மரியாதை குறைகிறது என்பதையோ ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டு விசாரிக்க முடியும். யாருக்கும் குறையவில்லை என்றால், கேட்பவரின் மதம் எவ்வளவு சிறியதானாலும் விலக்கைத் தாராளமாகத் தரலாம். மாற்றுவழி இருப்பதாகச் சொல்லித் தரும் விலக்கை அந்த மாற்றுவழியோடே பிணைத்துத் தீர்ப்பு எழுத வேண்டும். மாற்றுவழி அடைபடும் நாளில் விலக்கும் தானாகக் காலாவதியாக வேண்டும். ஹாபி லாபி தீர்ப்பில் இல்லாமல்போன நிபந்தனை இதுதான்.