தண்ணீர் வந்த வழியே ஒரு பிரயாணம்

கூட்டுறவுச் சங்கம் என்றால் கடன், நூல், உரம், விற்பனை, வசூல் என்ற ஐந்து சொற்களுக்குள் அடங்கிவிடும் என்று எண்ணுவோர் நம் அங்கத்தினரிடையே பலர் உளர். சென்ற மாசி மாதத்தில் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் சிலரும், ஆண்டிபட்டி சக்கம்பட்டி நெசவாளர் சிலரும் குடும்பத்துடன் ஒன்றுகூடி மூன்று நாள் உல்லாசப் பிரயாணம் ஒன்று சென்று வந்தனர். நாமும் உடன் சென்றோம். மதுரை மாநகர், வைகை அணை, தேக்கடிக் காடு, சுருளி அருவி என்று வழி வகுக்கப்பட்டிருந்தது. கண்டதையும் கேட்டதையும் அங்கத்தினர்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

யோசனை முதலில் எழுந்தபோது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தறி மூன்று நாள் நின்றால் மூன்று நாள் கூலி போயிற்று. பந்தலில் மூன்று நாள் ஆள் இல்லாவிட்டால் மருந்தடிப்புத் தவறும். கொத்து கெட்டுப் போகும். "ஊர் சுற்றுவதற்கா சங்கம்?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமே. பங்குத் தொகையிலோ சேமநிதியிலோ ஒரு காசும் தொடுவதில்லை என்றும், போக விரும்புவோர் மாதந்தோறும் சிறு தொகை தனியே கட்டி வருவது என்றும் முடிவு செய்த பின்னரே அவர் இசைந்தார். பத்து மாதம் பணம் சேர்ந்தது. நெசவாளர்கள் கையிலிருந்த பாவை நெய்து இறக்கிவிட்டுப் புறப்பட்டனர். தோட்டக்காரர்களோ பக்கத்துத் தோட்டத்தாரிடம் காவலை ஒப்படைத்தனர். அடுத்த முறை அவர்கள் போகும்போது இவர்கள் காவல் பார்ப்பதாக ஏற்பாடு. எதிர்த்துப் பேசியவர் பயணத்தில் முதல் ஆளாக வந்து அமர்ந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட்டமாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஊர் பார்க்கச் செல்வது கூட்டுறவாளருக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5ஆம் நாள் மதுவிலக்கு அன்பர் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். கூட்டுப் பிரயாணத்தின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குவது வழக்கம். மூன்றாண்டுகளுக்குப் பின், 1844 டிசம்பரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் ராச்டேல் நகரில் தங்கள் கடையைத் திறந்தனர். பலர் சேர்ந்தால் ஒருவருக்கு எட்டாதது எட்டும் என்ற கணக்கே இரண்டுக்கும் அடிப்படை. குக்கின் பெயரால் பெரிதாக வளர்ந்த கம்பெனி 2019இல் நொடித்துப் போயிற்று. ராச்டேல் கடை வைத்த வித்து உலகமெங்கும் முளைத்து நிற்கிறது. நமக்கு இதில் சிறிது பெருமிதம் உண்டு.

முதல் நாள் மாலை தேனியில் ரயில் ஏறினோம். போடிப் பாதையை அகலமாக்க வேண்டி 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் திரும்ப ஓடத் தொடங்கியது. பதினோரு வருஷங்களுக்கு மேல் ரயிலைக் காணாதிருந்த பாதை அல்லவா? குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களே ஜன்னலோரத்துக்கு முந்தினர். ஆண்டிபட்டியில் நெசவாளர் ஏறிக்கொண்டனர். இரவு மதுரையில் தங்கினோம்.

விடியலில் மீனாட்சியம்மன் கோயில். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்று வழிகாட்டி சொன்னதும் எண்ணிப் பார்க்கத் தொடங்கிய ஒரு மாணவனை இழுத்து வருவது பெரும்பாடாயிற்று. கூட்டமாகச் செல்வோர்க்கு ஒன்று சொல்வோம். 2018 முதல் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒருவரையொருவர் தவறவிட்டால் கூப்பிட வழியில்லை. ஆகவே பொற்றாமரைக் குளத்தின் படியில் இன்ன நேரத்தில் கூடுவது என்று முன்னரே பேசி வைத்துக்கொள்வது நலம். நாயக்கர் மகாலையும் பார்த்தோம். 1636இல் எழுந்த அந்தத் தூண்களின் பருமனைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று, நாம் விடுகிறோம்.

நெசவாளர்கள் நெடுநேரம் நின்ற இடம் வேறு. மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு. கீழே கதர் விற்பனை நிலையம். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தியடிகள் அந்த வீட்டில்தான் தங்கினார். அந்நியத் துணியை விலக்குங்கள் என்று அவர் சொல்ல, மாற்றுத் துணிக்குக் கதர் வாங்கப் பணமில்லையே என்று ஏழைகள் சொன்னார்கள். செப்டம்பர் 22ஆம் நாள் காலையில் அவர் சட்டையையும் குல்லாயையும் நீக்கி, முழங்கால் வரையிலான ஒற்றைத் துண்டுடன் வெளியே வந்தார். முதலில் அக்டோபர் கடைசி வரை என்று வரையறுத்துச் செய்தது, அவரது ஆயுள் முழுவதற்கும் உடையாகிவிட்டது. தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் இறுதி நாளில் அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணியும் இருக்கிறது. எங்களுடன் வந்த முதிய நெசவாளர் ஒருவர் கண்ணாடிக்கு அருகில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கறையைப் பார்க்கிறார் என்று எண்ணினோம். "இழை எண்ணிக்கை என்ன இருக்கும் என்று பார்க்கிறேன் தம்பி" என்றார். தொழில் கண் அப்படிப்பட்டது.

மாலையில் சுங்குடிச் சேலைக் கடைகளில் பெண்டிரின் கைப்பணம் கொஞ்சம் கரைந்தது. சௌராஷ்டிர மக்கள் துணியை விரலால் முடிந்து சாயமேற்றும் அந்தக் கலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் கிடைத்ததும் அதே குறியீடுதான். பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. விலைக்குக் காப்பு எப்போது என்று ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் கேட்டார். கடைக்காரரும் அதையே எங்களைக் கேட்டார்.

மறுநாள் வாடகைப் பேருந்தில் மேற்கே திரும்பினோம். மதுரைப் பாலத்தின்கீழ் வைகை மணலாய்க் கிடந்தது. அங்கிருந்து நாம் போன வழி முழுவதும் நீர் வரும் வழிக்கு எதிர்வழி. காமராஜர் 1959 ஜனவரி 21ஆம் நாள் திறந்துவைத்த வைகை அணை 111 அடி உயரம். நீர் தேக்குவது 71 அடி. சக்கம்பட்டியார்க்கு அது சொந்த வீட்டு முற்றம் போன்றது. ஆதலால் அன்று அவர்களே வழிகாட்டிகள். பூங்காவில் எந்த மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பது என்பது வரை அவர்கள் சொன்னபடியே நடந்தது.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடந்து லோயர்கேம்ப். மலையடிவாரத்தில் கர்னல் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பிறந்தநாளான ஜனவரி 15ஆம் தேதியில் பொங்கல் வைக்கும் ஊர்கள் நம் பள்ளத்தாக்கில் உள. அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்று இங்கே வழங்கும் கதையை வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். கதையைவிட நடந்த காரியம் நமக்குப் பெரிதாகப் படுகிறது. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்புவது அந்தத் திட்டம். இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே இதை எண்ணிப் பார்த்தார். பணமில்லாமல் நின்றுபோயிற்று. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1887இல் தொடங்கிய அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் 1895இல் முடிந்தது. காட்டுக் காய்ச்சலில் மாண்ட தொழிலாளர் பலர். அவர்கள் பெயருக்கு மண்டபமில்லை. குத்தகை 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டம், 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடியாக அனுமதிக்கப்பட்டது. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நஞ்சை இந்த நீரால் இருபோகம் காண்கிறது. குழாய்களில் மலையிறங்கி, மின்சாரம் தந்துவிட்டு வெளிவரும் நீரைப் பார்த்தபோது கூட்டத்தில் பேச்சு ஓய்ந்தது. ஓடைப்பட்டித் திராட்சை பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியது. என்றாலும் அங்கிருந்தோர் பலருக்குத் தாய்வழி நிலமாவது ஆற்றுப் பாசனத்தில் உண்டு.

அன்றிரவு குமுளியில் தங்கினோம். மறுநாள் காலை முதல் படகு. 'சஃபாரி' என்று விளம்பரப் பலகையில் கண்டு அதன் பொருளைப் பலர் கேட்டனர். ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழியில் அது வெறும் 'பிரயாணம்'. அரபியின் 'சபர்' அதன் மூலம். நம் முஸ்லிம் அன்பர்கள் 'சபர்' என்று சொல்லும் அதே சொல்தான். பெயர் எதுவாயினும், காட்டு விலங்கை அதன் இருப்பிடத்தில் போய்த் தொலைவிலிருந்து பார்ப்பதே இதன் இலக்கணம். பெரியாறு சரணாலயம் 1950இலும், புலிகள் காப்பகம் 1978இலும் ஏற்பட்டன. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சொந்த வண்டி உள்ளே போகாது. வனத்துறைப் பேருந்தில்தான் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும்.

படகில் ஏறுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை இதே ஏரியில் 'ஜலகன்னிகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்கைக் கண்டு பலர் ஒரே பக்கம் சாய்ந்ததும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதன்பின் மிதவைச் சட்டை கட்டாயமாயிற்று. எங்களில் சிலர் வியர்க்கிறது என்று அதைத் தளர்த்த முயன்றனர். குழுத் தலைவர் ஒவ்வொருவரிடமும் போய் முடிச்சைத் தாமே இறுக்கினார். யானை வந்தாலும் எழுந்திருப்பதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் பார்த்தால் போதும், படகோட்டி திரும்பும்போது இந்தப் பக்கத்தார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே பேச்சு. கூட்டமாகப் போவதில் ஆபத்தும் உண்டு, அடக்கமும் உண்டு. அடக்கம் தலைவரைப் பொறுத்தது.

ஒன்றரை மணி நேரம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் நூற்று முப்பது ஆண்டுகள் ஆகியும் கரிய கட்டைகளாக நீர்மேல் தலை நீட்டுகின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன. காட்டெருமைகள் சில, கடமான் கூட்டம் ஒன்று. பின் திருப்பத்தில் குட்டியோடு யானைகள். நெசவாளர் குடும்பங்களில் ஆனந்தம் தாங்கவில்லை. ஓடைப்பட்டியார் மட்டும் அத்தனை மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "நாங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு வருகிறோம், இவர்கள் சீட்டில்லாமல் எங்கள் மலையடித் தோட்டங்களுக்கு வருகிறார்கள் அண்ணே" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், சொன்னவர் சிரிக்கவில்லை.

அவர் நினைவில் இருந்தது 2023 கோடைகாலம். கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு ஏப்ரல் இறுதியில் இதே பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை மேகமலைக்கு நகர்ந்து, மே 27ஆம் நாள் கம்பம் நகரத் தெருக்களுக்குள்ளேயே ஓடியது. ஓர் உயிர் போயிற்று. ஊரில் தடையுத்தரவு, தோட்டத்துக்குப் போவோர் இல்லை. ஜூன் 5ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றார்கள். யானைக்கு அது பிறந்த இடம் இழந்த துயரம். பள்ளத்தாக்குக்கு உறக்கமிழந்த பத்து நாள். காட்டை வேடிக்கை பார்க்க வருவோர் செலுத்தும் பணத்தில் ஒரு பங்கு, காட்டோரத்தில் பயிர் இழப்போர்க்குத் தாமதமின்றிச் சேர வேண்டும் என்பது நம் கருத்து. இப்படிச் சொல்வது யானைக்கு விரோதமாகாது.

தேக்கடியில் நாம் கேட்ட செய்திகளில் கூட்டுறவாளர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் காட்டில் வயணா என்னும் காட்டிலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்த 23 பேர், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையிடம் ஒத்துழைக்க முன்வந்தனர். வழக்குகள் கைவிடப்பட்டன. அவர்கள் ஒரு சங்கமாகக் கூடிப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாயினர். எந்தத் தடம் எங்கே போகும் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? வருமானம் தனித்தனிக் கைக்குப் போகாமல் பொதுக் கணக்கில் சேர்கிறது. அதிலிருந்து மாதச் சம்பளம். காட்டைக் காப்பதும் அவர்கள் வேலை. வசந்த சேனை என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் பார்ப்பதும் 2002 முதல் நடக்கிறது. காட்டு நடைக்கு எங்களுக்கு நேரமில்லை. அடுத்த முறை படகுக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள்.

பிற்பகல் சுருளி. கோடை தொடங்கியதால் நீர் மிதமாகத்தான் விழுந்தது. குளிக்க அதுவே இதம். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை வழியை அடைத்துவிடும். ஆதலால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. பாட்டிமார்களைக் கரையேற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இரவு ஓடைப்பட்டி திரும்பிய மறுநாளே கணக்கு ஒப்புவிக்கப்பட்டது. பேருந்து வாடகையில் பேசியதைவிடக் கொஞ்சம் கூடுதல். சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம். எஞ்சிய தொகை தலைக்கு இவ்வளவு என்று பிரித்து அவரவர் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அடுத்த பயணத்துக்கான மாதக் கட்டு வரும் சித்திரையில் தொடங்கும். சேர விரும்பும் அங்கத்தினர் தத்தம் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.