தோல் உரைத்த செய்தி

முகத்தைக் கண்டு அகத்தை அறியலாம் என்பர். தோலைக் கண்டு குருதியையும் அறியலாம் என்பதை யான் காலந்தாழ்த்தியே கற்றேன்.

சில ஆண்டுகளின் முன் என் தமையனார்க்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கழுத்திலும் கைகளிலும் செந்தடிப்புகள் எழுந்தன, தொட்டால் நொந்தன. “அண்ணை, இது வெறும் உட்சூடு” என்று கூறி, இளநீரும் வேப்பிலைக் குளிப்பும் விதித்தேன். பண்டிதன் வைத்தியனாகிய பிழை அது. மூன்று கிழமை கழிந்த பின்னரே வைத்தியசாலை சென்றோம். குருதியையும் தோலின் சிறு துண்டொன்றையும் சோதித்த வைத்தியர், அத்தடிப்புகளின் பின்னே குருதிப் புற்றுநோய் மறைந்திருத்தலைக் கண்டார்.

அப்புற்றுநோய்க்குக் கிரேக்க மொழியில் ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் பெயரை 1847இல் இட்டவர் ஜெர்மானிய அறிஞர் விர்கோ. தமையனாரைப் பற்றிய தோலழற்சியை 1964இல் முதன்முதல் விரித்தெழுதியவர் ஆங்கில மருத்துவர் சுவீற். அவர் பெயரின் பொருள் இனிமை, நோயோ கசப்பு! நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்களுள் ஒருவகை, கிருமி இல்லாவிடத்தும் தோலினுட் புகுந்து நிறைதலே இவ்வழற்சி. காவலரே கலகஞ் செய்தல் போல்வது. தொற்றாலும் சில மருந்துகளாலும் இஃது வருதலுண்டு. ஆதலின் கண்டவரெல்லாம் அஞ்சவேண்டுவதில்லை. ஆயினும் சிலரிடத்துக் குருதிப் புற்றுநோய் வெளிப்படுமுன்னரே இது முன்தூதாய் வருகின்றது.

குருதிக் குழாய்களின் சுவர் அழலுதல் இதனின் வேறானது. அதனாற் பெரும்பாலும் கால்களில் ஊதாநிறப் புள்ளிகள் தடித்தெழும். கண்ணாடிக் குவளையால் அழுத்தினும் அவற்றின் நிறம் மறையாது. குருதி குழாயை விட்டு வெளியே கசிந்தமையே காரணம். குருதிப் புற்றுநோயாளரிற் சிலர்க்கு இதுவும் நேர்கின்றது. குருதிச் சிறுதட்டுகள் குறைந்தவிடத்தும் அழுத்தினால் மறையாத புள்ளிகள் தோன்றும்; அவை பெரும்பாலும் தடிப்பின்றித் தட்டையாயிருக்கும். எவ்வாறாயினும், குருதிச் சோதனையே ஐயந் தீர்க்கும்.

ஸ்டீரொயிட் மருந்தினால் தமையனாரின் தோல் சில நாள்களில் தெளிந்தது, குருதி தெளியவில்லை. ஒன்றரை ஆண்டின் பின் அவர் மறைந்தார். அம்மூன்று கிழமையும் எம் கையிலிருந்திருப்பின் பிழைத்திருப்பாரோ, அறியேன். அவ்வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

அன்பர்களே, காய்ச்சலோடு கூடிய நோகுந் தடிப்பையும், அழுத்தினால் மறையாத புள்ளியையும் உட்சூடென்று ஒதுக்காதீர்கள். தோல் உரைப்பதை வைத்தியர் உடனே கேட்கட்டும்.