குளம் கேட்காத தவளை

ஊட்டியில் ஜூன் மழை பிடித்துவிட்டால், பொழுது சாய்ந்ததும் வேலியோரப் புதரிலிருந்து சின்ன மணியைத் தட்டுவது போல ஒரு சத்தம் எழும். ஏதோ பூச்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். டார்ச்சோடு மெல்லப் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு தவளை, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு இலைமேல் உட்கார்ந்திருக்கும். விரல் நுனிகளில் இருக்கும் குட்டி வட்டத் தட்டுகளால், நனைந்த இலையிலும் அதன் பிடி நழுவாது.

நீலகிரிக்கே உரிய இந்தப் புதர்த்தவளைக்கு 1853-ல் அறிவியல் பெயர் வைத்தவர் தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர். இன்றைய பெயர் ராவோர்செஸ்டஸ் டின்னியன்ஸ். 'டின்னியன்ஸ்' என்றால் லத்தீனில் 'கணகணவென ஒலிப்பது'. முன்பகுதியில் இருக்கும் 'ராவ்', பெங்களூரு விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-ல் சேர்ந்தது.

இதைக் கண்ட பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்பார்கள். பிடிக்கவே வேண்டாம். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரையும் தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. நம் கையிலுள்ள சோப்பும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் அதே வழியில் உள்ளே போய்விடும். அதுவாக வந்து தங்கும்படி தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பதே நல்லது.

தவளை என்றதும் குளம் வெட்டத் தோன்றும். இதற்குக் குளம் வேண்டாம். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும் இனம் இது. முட்டை காயாதிருக்க ஈரம் இருந்தால் போதும்.

ஆகவே அந்த மூலையில் சருகைக் கூட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள். சருகுக்கு மேலே புல், அதற்கு மேலே பெரணி, பின்னால் அடர்ந்த புதர் என்று அடுக்கடுக்காக வளரவிடுங்கள். பகலில் ஒளிந்துகொள்ள அடியில் ஈரம், இரவில் ஏறிக் கூப்பிட மேலே இலை என இரண்டும் கிடைத்துவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு ஒதுங்கப் பாசி படர்ந்த கற்களும் மக்கிய கட்டையும் கிடக்கட்டும். பூச்சிமருந்து மட்டும் கூடவே கூடாது. தவளையின் தோலையும் கெடுக்கும், அதன் இரையையும் கொல்லும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால், மருந்தடிக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கத்து மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த மழைக்கு வெளிவிளக்கை அணைத்துவிட்டு வாசலில் உட்காருங்கள். பக்கத்துப் புதரில் கேட்கும் மணி, ஒருநாள் உங்கள் பெரணியிலிருந்தும் கேட்கலாம்.